அரைக்கை சட்டை போட்ட ரஷ்யா

காஸ்ட்யூம் வாடகைக்கு விடுறவளுக்கு உலகம் உருண்டை கிடையாதுங்க, சதுரம். மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா சைஸு.

என் கடை ஆவடியில, மார்க்கெட்டுக்குப் போற வழியில, ஒரு மாவு மில்லுக்கு மாடியில இருக்கு. பரண் பூரா டப்பா. மேல மார்க்கர்ல எழுதி ஒட்டியிருப்பேன்: ஜப்பான், எகிப்து, பிரேசில், ரஷ்யா. முன்னெல்லாம் காய்கறி, பழம், தலைவருங்க, அவ்வளவு தான் தொழில். தக்காளியா போன புள்ள தக்காளியா திரும்பி வரும், ஒரு வம்பும் இல்ல. இப்ப எல்லா ஸ்கூல்லயும் இன்டர்நேஷனல் ஃபேர். பசங்க மத்த நாட்டுக் கலாச்சாரத்தக் கத்துக்கணுமாம். ஒவ்வொரு கிளாஸுக்கும் சீட்டுக் குலுக்கிப் போட்டு ஒரு நாடு குடுப்பாங்க. அந்த நாட்டு டிரஸ்ஸ மாட்டிக்கிட்டு, ஸ்டால் முன்னாடி நின்னு, அந்த நாட்டப் பத்தி நாலு வார்த்தை பேசணும். பெத்தவங்களுக்கு வாட்ஸ்அப்ல மெசேஜ் வரும். "உங்கள் குழந்தை: பிரேசில்." வேற ஒரு விளக்கமும் இருக்காது. அதப் பார்த்து முழிச்சுக்கிட்டு உக்காந்திருக்கற அப்பா அம்மாங்களே, உங்களுக்குத் தான் இத எழுதுறேன். நீங்க முழிக்கற அதே நேரத்துல நானும் முழிப்பேன், ஏன்னா அடுத்த போன் எனக்குத் தான்.

இன்னொண்ணையும் முதல்லயே சொல்லிடுறேன். என் வாய்க்கு ஒரு வியாதி. எதிர்ல யாரு பேசினாலும், கொஞ்ச நேரத்துல அவங்க குரல்லயே பதில் சொல்ல ஆரம்பிச்சிடும். வேணும்னு பண்றதில்ல. சரி, பாதி வேணும்னு தான்.

காட்டன்

ஐயப்பன்தாங்கல் ஃபிளாட்ல இருந்து ஒரு அம்மா போன் பண்ணாங்க. வீட்ல இருந்தே ஆபீஸ் வேலை போல. என்கிட்ட பேச ஒரு குரல், நடுவுல மியூட்ட எடுத்துட்டு ஆபீஸ்கிட்ட பேச ஒரு குரல். ஆபீஸ் குரல் நல்ல நெய் போட்டு தாளிச்ச குரல். பொண்ணுக்கு ஜப்பான் வந்திருக்கு. கிமோனோ ரெடியா இருக்குன்னேன். என்ன துணின்னாங்க. சாட்டின் நைட்டித் துணி, இடுப்புல கட்டுறது மட்டும் பழைய பட்டுப்புடவை பார்டர், சொந்தத் தயாரிப்புன்னேன்.

சாட்டின் ஆகாதாம். சீனா என்ன துணின்னாங்க. அதுவும் சாட்டின் தான். பிரேசில்? ஜிகினாவும் கோழி இறகும். ஸ்காட்லாந்து? கம்பளி, இப்பவே அரிக்குதுன்னேன். ஒவ்வொரு டப்பாவா எறக்கி, தொட்டுப் பார்த்து பார்த்து சொன்னேன். உலகத்துல பாதிய சுத்தி முடிச்சதும் அவங்க ஆபீஸ் குரல்லயே என்கிட்ட பேசிட்டாங்க.

"என் டாட்டருக்கு ஸ்கின் அலர்ஜிங்க. காட்டன்ல இருக்கற நாடா ஒண்ணு சொல்லுங்க, நான் மிஸ்கிட்ட பேசி மாத்திக்கறேன்."

ஓட்டை

சென்னீர்குப்பத்துல இருந்து ஆட்டோ ஓட்டுற ஒருத்தர் வந்தாரு. பையனுக்கு மெக்சிகோ. பெரிய தொப்பி, ஒட்டுற மீசை, கழுத்து வழியா மாட்டுற பொன்ச்சோ, எல்லாம் எடுத்து மேசையில பரப்புனேன். மீசையத் தூக்கி வெளிச்சத்துல பார்த்தாரு. தொப்பியத் தட்டிப் பார்த்தாரு. பொன்ச்சோவ மட்டும் ரொம்ப நேரம் பார்த்தாரு. நடுவுல இருக்கற ஓட்டை வழியா கையவிட்டு என் பக்கம் நீட்டி ஆட்டினாரு. எங்கிட்ட இருக்கற சரக்குலயே அது தான் சுலபம், போர்வையில தலை நுழையற அளவுக்கு வெட்டி ஓரம் அடிச்சது. அத அவருகிட்ட சொல்லல. சொல்ல வேண்டிய தேவையும் வரல.

"இன்னாக்கா இது, பெட்ஷீட்ல ஓட்ட போட்டு வாடகைக்கு உட்டுகினு கீறே. அது எங்க ஊட்லயே கீது. ஓட்டையோட கீது."

துபாய்

டிசம்பர்ல கிறிஸ்மஸ் நாடகத்துக்கு ஆட்டிடையன், ஃபேர் வந்தா ஷேக், ரெண்டுக்கும் என்கிட்ட ஒரே வெள்ளை அங்கி தான். தலையில கட்டுற துணி மட்டும் மாறும். பட்டாபிராம்ல இருந்து ஒரு அம்மா பையனக் கூட்டிட்டு வந்தாங்க. அவனுக்கு துபாய். சீட்டுல துபாய் வந்ததும் துள்ளிக் குதிச்சிருக்கான், ஏன்னா அவங்கப்பா வேலை பாக்கறது அங்க தான். அங்கிய மாட்டி, தலைத்துணியக் கட்டி, கறுப்புக் கயித்த சுத்தி விட்டேன். கண்ணாடிய விட்டு நகரல.

அங்கேயே நின்னு அப்பாவுக்கு வீடியோ கால் போட்டாங்க. அவரு எங்கயோ பெரிய கட்டடத்து நிழல்ல, நீலச் சட்டை, மஞ்ச ஹெல்மெட்ல உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்தாரு. பையன் போன தள்ளிப் பிடிச்சு முழுசா காட்டுனான், நீங்க இருக்கற ஊருல இப்படித் தானேப்பா எல்லாரும் இருப்பாங்கன்னு கேட்டான். அவரு கைய சட்டையில துடைச்சுக்கிட்டு நல்லாப் பார்த்தாரு.

"சூப்பரா இருக்குடா தங்கம். இந்த டிரஸ்ல இருக்கறவங்கள அப்பா கார் கண்ணாடி வழியா தான் பார்த்திருக்கேன், இவ்ளோ பக்கத்துல இப்ப தான் பாக்கறேன்."

கரடி மிச்சம்

இனிமே வர்றது முக்கால்வாசி ரஷ்யா. ஒரு நாள் செல்வின்னு ஒரு அம்மா, அஞ்சாங்கிளாஸ் படிக்கற பொண்ணு இசக்கியக் கூட்டிக்கிட்டு வந்தாங்க. அம்பாசமுத்திரம் பக்கத்து ஆளுங்க. வீட்டுக்காரர் சுடலை இங்க ஃபேக்டரியில பல வருஷமா வேலை, மெஸ் சாப்பாடு. இந்த ஜூன்ல தான் குவார்ட்டர்ஸ் கிடைச்சு ரெண்டு பேரையும் ஊர்ல இருந்து கூட்டிட்டு வந்திருக்காரு. வந்த வாரமே கிளாஸ்ல மிஸ் என்னமோ கேக்க, இவ எழுந்து "எங்க அம்மை சொன்னாவ"ன்னு ஆரம்பிச்சிருக்கா. ஹர்ஷிதான்னு ஒரு பொண்ணு அத அப்படியே திருப்பிச் சொல்லியிருக்கு. அந்தப் பொண்ணுக்கும் என் வியாதி தான் போல. கிளாஸே சிரிச்சிருக்கு. அன்னிக்கு வாய மூடுனவ தான். அட்டென்டன்ஸுக்குக் கூட கைய மட்டும் தூக்குறாளாம்.

செல்வி ஒரே முடிவா இருந்தாங்க. ஃபேர்ல எல்லாப் புள்ளையும் பேசணும். அன்னிக்கும் இவ பேசலேன்னா, தீவாளியோட டி.சி. வாங்கிட்டு ஊருக்கே கிளம்புறது. அவரு திரும்ப மெஸ்ஸுக்குப் போக வேண்டியது தான். இத அந்தப் பொண்ணு முன்னாடியே சொன்னாங்க. அது தரையப் பார்த்துக்கிட்டு நின்னுச்சு. செல்வியோட பேச்சக் கேட்டு என் வாய் ஊற ஆரம்பிச்சிடுச்சு. ஒருத்தி திருப்பிச் சொன்னதே இந்தக் கதியில விட்டிருக்கு, நான் வேறயான்னு குண்டூசிய வரிசையா உதட்டுல கவ்விக்கிட்டு, தலைய மட்டும் ஆட்டிக்கிட்டே அளவெடுத்தேன்.

ரஷ்யா டப்பாவுல இருக்கறது ஒரு ஃபர் கோட்டு. ஒரு ஸ்கூல் டிராமாவுக்குக் கரடி தைச்சப்ப மிச்சம் விழுந்த துணி. குல்லாயும் அதே கரடி. மாட்டி விட்டதும் பொண்ணு நெத்தியில இருந்து தண்ணி இறங்குச்சு. ஃபேன ஃபுல்லா வச்சும் ஆவடி வெயில் மாடியில நிக்குது. செல்வி முந்தானையால அவ முகத்தத் துடைச்சாங்க.

"யக்கா, இதப் போட்டா பிள்ள பேசுதது கெடக்கட்டும், மூச்சு விடுமான்னு பாருங்க."

பின்னணிக் குரல்

ரெண்டு நாள் கழிச்சு அந்த கிளாஸ் மிஸ்ஸே வந்தாங்க. ரஷ்யா ஸ்டாலுக்குக் கட்ட ஒரு திரைச்சீலை வேணும்னாங்க. எதுக்குத் திரைன்னேன். மூச்சு வாங்க உக்காந்து சொன்னாங்க. நல்ல மனுஷி தான், ஆனா கிளாஸ் பூராவும் ஒரே சத்தம்ங்கறதால எப்பவும் மைக் பிடிச்ச குரல்லயே பேசுவாங்க. கீழ மாவு மில்லு ஓடுறது கூட கேக்கல.

இசக்கிக்கு முன்வரிசையில இடம் குடுத்தாச்சாம். எழுதிக் குடுத்தது மூணே வரி. ரஷ்யன்ல ஒரு வணக்கம், இங்கிலீஷ்ல ரெண்டு. தனியா கூப்பிட்டு சொல்லிக் குடுத்தும் பார்த்துட்டாங்களாம். சாக்லேட்டும் குடுத்துப் பார்த்தாச்சாம். சாக்லேட்ட வாங்கிக்கிச்சாம், வாயத் தொறந்தது அதுக்கு மட்டும் தானாம். சுத்திப் பாக்க வர்றது ஸ்கூல நடத்துற கரஸ்பாண்டன்ட் ஐயா, பழைய ஜாகரஃபி வாத்தியாரு. அவரு ஒவ்வொரு ஸ்டால்லயும் நின்னு கேள்வி கேப்பாரு. அதனால மிஸ் ஒரு ஏற்பாடு பண்ணியிருந்தாங்க. ஹர்ஷிதா ரஷ்ய பொம்மை மாதிரி தலையில பூத்துணி கட்டிக்கிட்டு திரைக்குப் பின்னாடி மைக்கோட உக்காந்திருக்கும்.

"பேசவே வேணாம்ங்க, உதட்ட மட்டும் அசைக்கச் சொல்லி அவங்கம்மாகிட்ட நீங்களாச்சும் சொல்லுங்க. வாய்ஸ் ஹர்ஷிதா குடுத்துடுவா."

அத நான் செல்விகிட்ட சொல்லல. யாரு வாய்க்கு யாரு குரல்னு கேட்டா அவங்க தீவாளி வரைக்கும் கூட நிக்க மாட்டாங்க.

அப்பா பார்த்த ரஷ்யா

ஃபேருக்கு முதல் நாள் சாயங்காலம், ஷிஃப்ட் முடிச்சு அதே யூனிஃபார்மோட சுடலை பொண்ணக் கூட்டிட்டு கோட்டு வாங்க வந்தாரு. கோட்ட விரிச்சேன். சுத்திச் சுத்திப் பார்த்தாரு. இது எந்த நாடுன்னு கேட்டாரு. ரஷ்யான்னேன். ரஷ்யாக்காரங்க இதப் போட்டு நான் பார்த்ததே இல்லையேன்னாரு. நீங்க எங்க ரஷ்யா பார்த்தீங்கன்னேன். ஃபேக்டரியிலன்னாரு.

அவரு வேலைக்குச் சேர்ந்த புதுசுல, மிஷின் மாட்ட ரஷ்யாவுல இருந்து ஒரு இன்ஜினியர் வந்து மாசக்கணக்குல தங்கியிருந்தாராம். கூட எடுபிடிக்கு விட்டது இவர. அந்த மனுஷன் வந்த ஒரு வாரத்துலயே சூட்கேஸ்ல இருந்த கனத்த துணியெல்லாம் கட்டி வச்சுட்டாராம். கட்டம் போட்ட அரைக்கை சட்டை, ரப்பர் செருப்பு, தலையில ஈரத்துண்டு, கையில எளநி. மிளகா பஜ்ஜியத் தின்னுட்டுக் கண்ணுல தண்ணி வழிய இன்னொண்ணு கேப்பாராம். கூடவே இருந்ததுல தமிழும் பேசக் கத்துக்கிட்டாராம். எப்படிப் பேசுவாருன்னு கேட்டேன், கேக்காம இருக்க முடியுமா என்னால. சுடலை கொஞ்சம் வெக்கப்பட்டு, தொண்டையக் கனைச்சு, நிமிந்து நின்னு பேசிக் காட்டுனாரு. குரல் பாறாங்கல்ல உருட்டுற மாதிரி தொண்டையில இருந்து வருது, ஆனா வார்த்தை அத்தனையும் அம்பாசமுத்திரம்: "ஏல சுடல, என்னல வெயிலு இப்படி கொளுத்துது."

இதுவரைக்கும் என் கடையில சத்தமே போடாத பொண்ணு சிரிச்சுச்சு. சிரிச்சு முடிச்சுட்டு, "எப்பா, அந்த ரஷ்யாக்காரரு நம்ம பேச்சா பேசுவாவ?"ன்னு கேட்டுச்சு. அதோட குரல நான் கேட்டது அப்ப தான். நல்ல வெங்கலக் குரல். சுடலை கோட்ட மடிச்சு என்கிட்டயே திருப்பிக் குடுத்தாரு.

"பின்ன? என்கிட்ட வேற என்ன பேச்சு கெடந்துது, அவருக்குச் சொல்லிக் குடுக்க?"

வீட்டுக்குப் போய், கொடியில கிடந்த சுடலை சட்டைய எடுத்துட்டு ராவுக்குள்ள திரும்பி வந்தாங்க. கட்டம் போட்டது தான். தோள்ல பக்கத்துக்கு ஒண்ணா ரெண்டு ஊக்கு குத்தி சின்னதாக்கிக் குடுத்தேன். என் வேலை அவ்வளவு தான்.

எகிப்துல ஒரு அவசரம்

ஃபேர் அன்னிக்கு ஊசி நூலோட நான் ஸ்கூலுக்குப் போயிடுவேன். நாடுங்க எங்க வேணா கிழியும். ஷாமியானாவுக்குக் கீழ வரிசையா ஸ்டால். ரஷ்யாவுக்குப் பக்கத்துல எகிப்து. அங்க மம்மி வேஷத்துல ஒரு பையன், தலையில இருந்து கால் வரைக்கும் பேண்டேஜ். சுத்தி முடிக்கவே டீச்சருங்க மாத்தி மாத்தி வேலை பார்த்திருக்காங்க. கரஸ்பாண்டன்ட் ஐயா கேட்டுக்குள்ள காலெடுத்து வைக்கற நேரம் பார்த்து, அந்த மம்மி ஒரு விரல நீட்டுது. பாத்ரூம் போகணுமாம். நான் கத்திரிய எடுத்தேன். பி.டி. சார் என் கையப் பிடிச்சு நிறுத்திட்டு, பையன் காதுகிட்ட குனிஞ்சாரு.

"டேய், மூவாயிரம் வருஷம் பொறுத்தவன் நீ, பிரைஸ் குடுக்கற வரைக்கும் பொறுக்க மாட்டியா?"

எளநி

ரஷ்யா ஸ்டால்ல ஒரு பக்கம் தெர்மாகோல் பனி, நடுவுல இசக்கி. முழங்கால் வரைக்கும் அப்பா சட்டை, ரப்பர் செருப்பு, தலையில சொட்டச் சொட்ட ஈரத்துண்டு, கையில எளநி. மிஸ் என்னப் பார்த்தாங்க. நான் பிரேசில் பக்கம் பார்த்தேன். பிரேசில் ஓரமா செல்வி, கைப்பைய ரெண்டு கையாலயும் நெஞ்சோட பிடிச்சுக்கிட்டு நிக்கறாங்க. கரஸ்பாண்டன்ட் ஐயா எகிப்த முடிச்சுட்டு இங்க வந்தாரு. துண்டப் பார்த்தாரு. நீ எந்த நாடும்மான்னாரு.

 திரைக்குப் பின்னாடி ஹர்ஷிதா கரெக்டா ஆரம்பிச்சிடுச்சு, ரஷ்யன்ல வணக்கம். ஸ்பீக்கர்ல குரல் வருது, இசக்கி உதடு ஒட்டிக்கிட்டுக் கிடக்கு. ஐயா ஸ்பீக்கரப் பார்த்தாரு, பொண்ணப் பார்த்தாரு. ஹர்ஷிதா மறுபடியும் வணக்கம் சொல்லுச்சு. செல்வி கண்ண மூடிட்டாங்க. பசங்க கூட்டத்துல எவனோ "ஏலே"ன்னான், சிரிப்பு கிளம்புச்சு.

இசக்கி துண்ட எடுத்துக் கழுத்தத் துடைச்சுச்சு. திரும்பத் தலையில போட்டுச்சு. நிமிந்துச்சு. அப்புறம் அந்தச் சின்ன உடம்புல இருந்து பாறாங்கல்லு உருள ஆரம்பிச்சுது: "ஏல, யாருல அது உள்ளயிருந்து கூப்பிடுதது? நான் ரஷ்யாக்காரன். உங்க ஊருக்கு மிஷினு மாட்ட வந்தேன். என்னல வெயிலு இப்படி கொளுத்துது."

கூட்டம் வெடிச்சுது. அந்தப் பொண்ணு அடுத்த வரிய உடனே சொல்லல பாருங்க, அங்க தான் நான் அசந்துட்டேன். எளநிய ஒரு வாய் உறிஞ்சிக்கிட்டு, சிரிப்பு அடங்க அரை மூச்சு இருக்கும்போது அடுத்தத எடுத்துச்சு. அதெல்லாம் சொல்லிக் குடுத்து வர்றதில்ல. பனி எப்படி முழங்கால் வரைக்கும் விழும், ஆறு உறைஞ்சு மேல லாரி போகும், மூணு வேளையும் கிழங்கு தான், இங்க வந்து மிளகா பஜ்ஜி தின்னு அழுதது, ஊர்ல இருக்கற மகள நினைச்சு அழுதுட்டு அதுவும் பஜ்ஜியாலன்னு சொன்னது, எல்லாம் அப்பா சொன்ன கதை. எல்லாம் அம்பாசமுத்திரத்துல. சிரிச்சவங்க ரஷ்யாக்காரனப் பார்த்து சிரிச்சாங்க, இசக்கியப் பார்த்து இல்ல. இத்தாலியும் ஜப்பானும் ஸ்டால விட்டுட்டு வந்து நின்னுச்சு. மம்மி கூட வந்துச்சு, கால ஒட்டி வச்சு நடந்து. ரஷ்யாவுல குளிருக்கு என்னம்மா பண்ணுவாங்கன்னு ஐயா கேட்டாரு. "குளுந்தா அடுப்புக்கிட்ட இருப்போம். உங்க வெயிலுக்கு நான் எங்கன போயி ஒளிய?"ன்னுச்சு. ஐயா கண்ணாடியக் கழட்டித் துடைச்சுக்கிட்டாரு.

"நான் இவ்ளோ நாளா ரஷ்யா வடக்க இருக்குன்னு இல்ல பாடம் நடத்திட்டேன்."

பிரைஸ் பிரேசிலுக்குப் போச்சு. இறகுன்னா நடுவருங்களுக்கு ஒரு பலவீனம்.

திங்கக்கிழமை

திங்கக்கிழமை நாடெல்லாம் திரும்பி வரும். ஜப்பான்ல சட்னி, எகிப்த தனி கவர்ல போட்டுக் குடுத்தாங்க, நான் பிரிக்கல. ஹர்ஷிதா தலையில கட்டுன பூத்துணியக் குடுக்க அவங்க அம்மாவோட வந்துச்சு. நான் வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே அது தொடங்கிடுச்சு.

"ஆன்ட்டி, எனக்கும் ரஷ்யன் வரும். 'என்னல வெயிலு இப்படி கொளுத்துது.' இசக்கி தான் சொல்லித் தர்றா, ஆனா 'கொளுத்துது' இன்னும் சரியா வரலன்னு டெய்லி திட்றா ஆன்ட்டி."

தீவாளிக்கு அப்புறம்

செல்வி ஊருக்குப் போயிருப்பாங்களா இருப்பாங்களான்னு எனக்குத் தெரியல, கேக்கவும் பயம். தீவாளி முடிஞ்சு ஒரு நாள் மாடிப்படி ஏறி வந்தாங்க. கையில முறுக்கு. டி.சி. பத்தி ஒரு வார்த்தை இல்ல. கீழ மில்லுல மாவு அரைச்சு முடிக்கற வரைக்கும் உக்காந்துட்டுப் போறேன்னாங்க. சட்டையில குத்துன ரெண்டு ஊக்கையும் திருப்பிக் குடுத்தாங்க. வீட்ல பிள்ள ஓயாம பேசுது, அவுக அப்பாவே காதப் பொத்திக்கிட்டு ஷிஃப்டுக்கு ஓடுதாருன்னாங்க. எழுந்து படி இறங்கப் போனவங்க திரும்பி வந்து, பரண்ல இருக்கற டப்பாவ எல்லாம் ஒரு தடவை வரிசையா பார்த்தாங்க.

"யக்கா, வர்ற வருசம் சீட்டுல எந்த நாடு விழுந்தாலும், அங்கேருந்து எவனாச்சும் நம்ம ஃபேக்டரிக்கு வந்திருக்கானான்னு இப்பமே விசாரிச்சு வையிங்க."

உலகத்தையே டப்பா டப்பாவா வாடகைக்கு விடுற என் கடையில இருந்து அந்த ஃபேருக்குப் போனதுலயே அசல் சரக்குன்னு பார்த்தா, சுடலை சட்டையில குத்துன அந்த ரெண்டு ஊக்கு மட்டும் தான்.